முன்னால் ஓடிய ஒலிபெருக்கி

கற்பிட்டி வீதியில் அரை மரதன் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சரீப்புக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று தன்னுடைய இடது கால். மற்றது நிஸ்ரின்.

கால் சங்கதி ஊருக்கே தெரியும். ஆலங்குடாவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் சரீப் ஒரு காலத்தில் சுழியோடி. தொண்ணூறில் யுத்தம் நடந்த வடக்கிலிருந்து எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் இருந்தபடி இந்தக் கரைக்கு வந்தவன், மீசை முளைத்ததும் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலட்டை பொறுக்க இறங்கிவிட்டான். படகு தலவிலைச் சேர்ந்த சாள்ஸினுடையது. கீழே சரீப், மேலே சாள்ஸ். இருவரும் அப்படியே வயதுக்கு வந்து, அப்படியே கலியாணம் கட்டி, பிள்ளைகளும் பெற்றார்கள்.

அந்த ஓட்டத்துக்கு ஏழு வருஷங்களுக்கு முன் ஒரு நாள், கடலில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. வழக்கம்போல இறங்கினான், வழக்கம்போல ஏறினான். படகில் குந்தியிருந்து பிளேன்டீ குடித்தான். எழும்பப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ஆழத்தில் ரத்தத்தோடு கலந்த காற்று, மேலே வரும்போது குமிழ் குமிழாகக் கிளம்பி முள்ளந்தண்டைத் தாக்கிவிட்டது என்று பிறகு டொக்டர்மார் விளங்கப்படுத்தினார்கள். அழுத்த அறை என்று சொல்லி ஓர் இரும்புக் கூட்டுக்குள் பல நாட்கள் படுக்க வைத்தார்கள். வலது கால் முழுதாகத் திரும்பி வந்தது. இடது கால் முக்கால்வாசிதான் வந்தது. முழங்காலுக்குக் கீழே சூடும் குளிரும் மங்கலாகவே தெரியும். களைத்துவிட்டால் அதுவும் தெரியாது.

அந்தக் கூட்டிலிருந்து வெளியே வந்த அன்றுதான் பெண்சாதி நிஸ்ரின் அவனிடம் ஒரேயொரு காரியம் கேட்டாள். இனிக் கடலில் இறங்கக்கூடாது. அவள் அழவில்லை, மன்றாடவில்லை. கட்டில் ஓரத்தில் நின்று கேட்டாள். அவனும் சொன்னான். அல்லாஹ்வை முன்வைத்துத்தான் சொன்னான்.

சைக்கிள் கடை வந்தது அதற்குப் பிறகு. கால் பெலக்க வேண்டும் என்று சிலாபத்தில் பிசியோதெரபி செய்த றுஷ்னா மிஸ் சொன்னதால், கடைக்குள்ளேயே ஒரு பழைய சைக்கிளை மேடையில் ஏற்றிக் கட்டி மிதிக்கத் தொடங்கினான். பிறகு வீதியில் மிதித்தான். நடந்தான். மெதுவாக ஓடினான். காற்றுக் காலத்தில் கொழும்பிலிருந்து வருகிறவர்களில் சிலர் விலை உயர்ந்த சைக்கிள்களைத் திருத்தக் கொண்டுவருவார்கள். அவர்கள்தான் ட்ரையத்லோன் என்ற சொல்லை அவன் காதில் போட்டார்கள். முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறிச் சைக்கிள் ஓட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கினால் கடைசியாக ஓர் அரை மரதன். கிழக்குக் கரையில் வருஷா வருஷம் நடக்கும் நீண்ட தூரப் போட்டி. நீச்சலை நினைத்தால்தான் பயம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சரீப் தலையை நிமிர்த்தவேயில்லை. நிமிர்த்தினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தான்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, ஒரு விடியற்காலை சாள்ஸின் படகில், கடலிலிருந்து நிலத்துக்குள் உள்வாங்கிக் கிடக்கும் களப்புக்குப் போய் இறங்கினான். களப்புத்தானே, கடல் இல்லையே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். அன்றைக்கு நீந்திவிட்டு ஏறியபோது அவன் பேசாமல் இருந்ததைப் பார்த்துச் சாள்ஸ் பயந்துபோனான். பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் அந்தக் கால் இழுபடவில்லை. அவ்வளவுதான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒரே மனுஷனாக இருந்தான்.

அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று நாள் களப்பு. நிஸ்ரினுக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டப் பயிற்சி. தலைமயிர் நனைந்திருந்தால் வியர்வை என்பான், பள்ளியில் தொழுகைக்கு முகம் கழுவி வுழூச் செய்தேன் என்பான். கிழக்கில் நடக்கும் போட்டிக்குப் பேர் கொடுப்பதற்கு முன், இந்த அரை மரதனை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்துக் காட்டட்டும் என்று றுஷ்னா மிஸ் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். உள்ளங்கால் தெரியாமல் போனால், அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கக்கூடாது. சரீப் அதற்கும் தலையாட்டினான்.

ஓட்ட நாளன்று ஆலங்குடாச் சந்தியில் சனம் கூடியிருந்தது. தென்மேல் காற்று அப்போதே மணலை வாரி வீதியில் போட்டுக்கொண்டிருந்தது. நிஸ்ரின் அங்கே இல்லை. அவள் படிப்பிக்கும் பாலர் பாடசாலை டீச்சர்மாருக்குக் கண்டக்குழிச் சந்தியில் தண்ணீர் மேசை கொடுத்திருந்தார்கள். விடியமுதலே வேனில் போய்விட்டாள். கற்பிட்டியில் ஓட்டம் முடிவதற்குக் கொஞ்சத் தூரம் முன்னால் அந்த மேசை. அதில் அவள் கையால் ஒரு கோப்பைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை அவன் பல நாட்களாக நினைத்து வைத்திருந்தான்.

வரிசையின் முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று நின்றது. மதுரங்குளியிலிருந்து வந்திருந்த அறிவிப்பாளர் ஓடுகிறவர்களில் சிலரைப் பேர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். நல்ல கணீரென்ற குரல். கொழும்பு ஆள் ஒருவர், புத்தளம் ஆசிரியர் ஒருவர், பிறகு திடீரென்று அவனுடைய பேர்.

ஆலங்குடாவின் மைந்தன் சரீப் என்றார். ஆழ்கடலில் காலை இழந்தும் கலங்காத வீரன் என்றார். இப்போது கிழக்குக் கரையின் நீண்ட தூர ட்ரையத்லோன் போட்டிக்காகத் தயாராகிறார், அதற்காக விடியற்காலைகளில் தண்ணீரில் இறங்கி மைல் கணக்கில் நீந்துகிறார், அன்பார்ந்த சனங்களே, இந்த வீரனுக்கு ஒரு கைதட்டல் என்றார்.

சனம் கை தட்டியது. சரீப் திரும்பிப் பார்த்தான். வேலியோரத்தில் சாள்ஸ் உச்சி குளிர்ந்து நின்றான். அறிவிப்பாளரிடம் போய்ச் சொன்னது அவன்தான். மச்சானுக்கு ஒரு மரியாதை செய்கிறோம் என்று நினைத்திருக்கிறான். சரீப்பின் முகத்தைக் கண்டதும்தான் தன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தடுமாறினான்.

சரி, நிஸ்ரின் இங்கே இல்லைத்தானே என்று சரீப் மூச்சை விட்டான். விட்ட மூச்சு முடிவதற்குள் விசில் ஊதினார்கள். ஒலிபெருக்கி வேன் உறுமிக்கொண்டு புறப்பட்டது. ஓட்டக்காரர்களுக்கு முன்னால், அதே கற்பிட்டி வீதியில், அதே பேர்களைத் திரும்பச் சொல்லிக்கொண்டு.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த வேன் சந்திக்குச் சந்தி நிற்கும். நிற்கும் இடமெல்லாம் சொல்லும். அவனுக்கு முன்பே கண்டக்குழிக்குப் போய்ச் சேரும்.

எப்படி ஓட வேண்டும் என்று மாதக்கணக்காகப் பழகியிருந்தான். முதல் பாதி கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம், காலைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு. அந்தக் கணக்கையெல்லாம் முதல் வளைவிலேயே விட்டுவிட்டான். வேன் ஒன்றும் பறக்கவில்லை. முன்னால் ஓடுகிறவர்களுக்குச் சற்று முன்னாலே ஊர்ந்தது, சந்திகளில் நின்று பாட்டுப் போட்டது. எட்டிப் பிடித்து, என் பேரைச் சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். காற்றும் முதுகைப் பிடித்துத் தள்ளியது. தன்னைவிட எவ்வளவோ வேகமாக ஓடுகிறவர்களோடு சேர்ந்து அவன் ஓடினான். வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மதகில் படுத்திருந்த கழுதைகள் எழும்பி விலகின. எதையும் அவன் பார்க்கவில்லை. முன்னால் போகும் வேனின் பின்பக்கக் கண்ணாடி மட்டும்தான் கண்ணில் இருந்தது.

தலவில் தேவாலயத்துக்குத் திரும்பும் சந்தியில் வேன் நன்றாக நின்றுவிட்டது. அங்கே ஒரு கூட்டம். சரீப் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வேனின் யன்னலோரம் போய், நின்ற இடத்திலேயே ஓடினபடி கையைக் காட்டினான். என் பேரை விட்டுடுங்க, மாஸ்டர், என்று சொன்னான். பாட்டுச் சத்தத்தில் அது எப்படிப் போய் விழுந்ததோ, அறிவிப்பாளரின் முகம் மலர்ந்தது. இதோ, நம் சரீப் அவர்களே வந்துவிட்டார், சனங்களே, தன் பேரைக் கேட்டு வாங்கிப்போக வந்துவிட்டார் என்று தொடங்கினார். விடியற்காலையும் நீச்சலும் மைல் கணக்கும் இரண்டாம் தடவை சந்தி முழுக்கக் கேட்டது. சொல்லி முடித்ததும் வேன் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு எட்டவே முடியவில்லை. முன்னால் ஓடியவர்களும் போய்விட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் தூரத்தில். கொஞ்ச நேரம் வீதியில் அவனும் காற்றும்தான். ஒலிபெருக்கிச் சத்தம் மெலிந்து மெலிந்து வடக்கே போயிற்று.

என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். களப்பு இடுப்பளவுதான் என்று சொல்லலாமா? சாள்ஸ் சும்மா கதை விட்டிருக்கிறான் என்று சொல்லலாமா? எல்லாவற்றையும் நிஸ்ரினின் குரலில் திருப்பிக் கேட்டுப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை.

இந்த நினைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் சத்தத்தை அவன் முதலில் கவனிக்கவில்லை. டக். டக். இடது கால் தாரில் விழும்போதெல்லாம் ஒரு சின்னச் சத்தம். சப்பாத்தின் அடியில் கல்லுத் துண்டு செருகியிருக்கும் என்று நினைத்தான். உதறி ஓடிப் பார்த்தான். போகவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. சத்தம் கேட்கிறதே தவிர, கால் விழுவது தெரியவில்லை. குனிந்து பார்த்தால் இடது பாதம் முன்னால் போவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணை எடுத்தால் அங்கே பாதமே இல்லை.

நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். றுஷ்னா மிஸ் சிலாபத்துப் பிசியோதெரபி அறையில் அவனுடைய உள்ளங்காலைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டியதும், முகத்தை நேரே பார்த்து, தெரியாமப் போனா நிக்கணும், சரீப் நானா, என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஓரத்தில் நின்று சப்பாத்தைக் கழற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நிற்க வேண்டும். நின்றால், கண்டக்குழியில் நிஸ்ரின் அந்தக் குரலைத் தனியாகக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவன் முகத்தை அவளுக்குக் காட்டாமல் அந்தச் செய்தி மட்டும் அவளிடம் போய் உட்கார்ந்திருக்கும். அதை அவனால் தாங்க முடியவில்லை. பார்க்காமலே ஓடினான். தன் நிழலைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான். இரண்டு தடவை மணலில் தடுக்கி, விழாமல் சமாளித்தான். டக், டக் என்ற சத்தம் விடாமல் கூட வந்தது. பிறகு அந்தச் சத்தமும் மந்தமாகி, ஈரத் துணியைத் தட்டுவதுபோல ஆகியது. அது ஏன் என்று யோசிக்கவும் அவன் விரும்பவில்லை.

கண்டக்குழிச் சந்தி தெரிந்தபோது வேன் அங்கே இல்லை. வந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் கற்பிட்டிக்குப் போயிருந்தது. மேசைக்குப் பின்னால் நாலைந்து டீச்சர்மார். மற்றவர்கள் அவனைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். நிஸ்ரின் மட்டும் மேசைக்கு முன்னால், வீதிக்கு இறங்கி நின்றாள். கையில் கோப்பை இருந்தது. கோபமாக இருந்தால்கூட அவனுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில் நின்ற அதே நிஸ்ரின்.

அவன் வாயைத் திறக்க முன் அவளுடைய கண் கீழே போயிற்று. அவன் வந்த வழியை ஒருமுறை பார்த்தாள். வீதியின் வெள்ளைக்கோட்டு ஓரமாக, மணல் படிந்த தாரில், ஒரு காலின் அடையாளம் மட்டும் சிவப்பாக விட்டு விட்டு வந்திருந்தது.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தான். அவளே வீதியில் குந்தி நூலை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் ஓர் ஆணித்தலை தேய்ந்து பளபளவென்று தெரிந்தது. மீன்பெட்டி அடிக்கிற ஆணி. லொறியிலிருந்து விழுந்த பலகையில் எங்கேயோ மிதித்திருக்கிறான். சப்பாத்தையும் காலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு அது இத்தனை தூரமும் கூடவே ஓடி வந்திருக்கிறது. டீச்சர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். முதலுதவிப் பெடியன்கள் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்கள். சப்பாத்தை வெட்டி ஆணியைக் கழற்றியபோது சரீப் ஒரு சத்தமும் போடவில்லை. போடுவதற்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் நிஸ்ரினைக் கலங்க வைத்தது. 

மருந்து போட்டுக் கட்டினார்கள். பிறகு நிஸ்ரின், மற்றவர்கள் காதில் விழாத குரலில், எத்தனை நாளாக என்று கேட்டாள். பெருநாளிலிருந்து என்றான். பூசி மெழுக ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"கடல்ல இல்ல, நிஸ்ரின். களப்புலதான்."

"களப்புத் தண்ணிக்குள்ள மூச்சு எடுக்கலாமா?"

அவன் தலையைக் குனிந்தான். வெள்ளைத் துணி சுற்றிய பாதம் யாருடையதோபோல அவன் முன்னால் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தண்ணிக்குள்ள எனக்கு நொண்டி இல்ல. அது ஒண்டுக்குத்தான் போனன். வேற ஒண்டுமில்ல."

அவள் எழும்பிப் போய், கீழே வைத்த கோப்பையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிச்சத் தூரம் கொஞ்சம்தான். நேரமும் இருந்தது. வேகமாக ஓடி வந்ததில் அவன் நினைத்ததை விட நிறைய நேரம் மிச்சம் இருந்தது. நொண்டி நடந்து போனாலே மூன்று மணித்தியாலத்துக்குள் கற்பிட்டிக்குப் போய்விடலாம். முதலுதவிப் பெடியன் ஒருவன் அதைச் சொல்லவும் செய்தான், கட்டு நல்லா இறுக்கியிருக்கு நானா என்று. சரீப் எழும்பி நின்றான். நிஸ்ரின் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒருவேளை போயிருப்பான். ஓர் அடி வைத்தான். பாதம் நிலத்தில் பட்டதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"றுஷ்னா மிஸ்ஸுக்கு நிக்கிறன் எண்டு சொன்னன்," என்றான். "பிந்தித்தான் நிக்கிறன்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தையல் போட்டு, கிழமைக்கணக்கில் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். சாள்ஸ் வாசலில் வந்து நின்றான். நிஸ்ரின் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவன் அதைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். சரீப்போடும் அவள் தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். சோறு வைத்தாள், கட்டு மாற்றினாள். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். றுஷ்னா மிஸ் திட்டின திட்டை அவள் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள். இடையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். இந்த மனுஷனுக்கு நீந்துறது நல்லமா, கூடாதா? ஆழத்துக்குப் போகாமல், சிலிண்டர் இல்லாமல், மேலே மட்டும் நீந்தினால் காலுக்கு அதைவிட நல்லது ஒன்றும் இல்லை என்று மிஸ் உண்மையைச் சொன்னார்.

காயம் ஆறிக் கொஞ்ச நாளில், ஒரு வியாழன் விடிய, சாள்ஸை வரச் சொல்லுங்க என்றாள். தானும் படகில் வருவேன் என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் படகில் கால் வைத்ததில்லை. சாள்ஸ் கையை நீட்டாமல், பிடித்து ஏறுவதற்குத் துடுப்பை நீட்டினான். நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் கூப்பிட்டா கையத் தூக்கிக் காட்டணும் என்பது மட்டும்தான் அவள் சொன்ன நிபந்தனை.

சரீப் நீந்தினான். காற்று இன்னும் எழும்பவில்லை. தண்ணீர் எண்ணெய்போல இருந்தது. அவள் கூப்பிட்ட போதெல்லாம் கையைத் தூக்கினான். மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவள் இருக்கும் படகு பக்கத்திலேயே வந்தது. அவளுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைக்கூடக் கண்டான். கண்டல் காட்டைத் தாண்டித் தண்ணீர் சற்று ஆழமான இடத்தில், அடியில் மணலோடு மணலாக ஒரு கடலட்டை கிடந்தது. நல்ல தடித்தது. நினைக்கவேயில்லை. இத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாக மடங்கித் தலைகீழாக இறங்கியது. கை மணலைத் தொட்டது. அந்த அமைதியில் ஒரு நொடி, இன்னொரு நொடி, இன்னும் கொஞ்சம்.

மேலே வந்தபோது படகு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிஸ்ரின் ஒரு காலைப் படகுக்கு வெளியே போட்டுவிட்டாள். நீளச் சட்டையின் கரை தண்ணீரில் நனைந்திருந்தது. சாள்ஸ் எஞ்சினை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளுடைய தோளைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தான். நீந்த ஓர் இழுப்புக்கூடத் தெரியாதவள். இன்னும் ஒரு மூச்சு பிந்தியிருந்தால் குதித்திருப்பாள்.

சரீப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் இருந்த அட்டையை எப்போது விட்டான் என்று தெரியாது.  அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. அந்த ஏழு வருஷமும் அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டுக்குள் அவன் படுத்திருந்தான். வெளியே நின்றவள் அவள். கடைசியில் அவன்தான் சொன்னான்.

"இனித் தலையக் கீழ போட மாட்டன்."

"சொல்ல வேணாம்," என்றாள் நிஸ்ரின். "செஞ்சு காட்டுங்க."

அதை அவன் செய்து காட்டினான். அன்றைக்கே திரும்பவும் கரைவரைக்கும் நீந்தி வந்தான், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி, அவள் கூப்பிட முன்பே கையைத் தூக்கித் தூக்கி.

இந்த வருஷம் அதே வீதியில் அரை மரதன் நடந்தபோது சரீப் மறுபடியும் ஓடினான். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று, சப்பாத்தைக் கழற்றி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடினான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டிப் போனார்கள். கற்பிட்டியில் பந்தலைக் கழற்றும் பெடியன்கள் ஏணி வைத்துவிட்டார்கள். ஆனாலும் நேரத்துக்குள் வந்துவிட்டான். கிழக்குக் கரைப் போட்டிக்குப் பேர் கொடுத்தாயிற்று. இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அங்கே நீச்சலும் சைக்கிளும் முடிந்து அந்தக் கால் இன்னோர் அரை மரதனைத் தாங்குமா என்று கேட்டால், றுஷ்னா மிஸ்ஸே உதட்டைப் பிதுக்குகிறார். சரீப்புக்கும் தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிவிட்டான்.

களப்புக்கு இப்போது கிழமையில் ஒரு நாள் குடும்பத்தோடு போகிறார்கள். நீந்தத் தெரியாமல் குதிக்கப் பார்த்ததுதான் தன் வாழ்க்கையில் செய்த புத்தியில்லாத வேலை என்று நிஸ்ரின் தானே சொல்லிக்கொண்டாள். சனம் இல்லாத கண்டல் பக்கமாக, முழுச் சட்டையோடும் முக்காட்டோடும், நெஞ்சளவு தண்ணீரில் மல்லாந்து மிதக்கப் பழகுகிறாள். மகள்மார் இரண்டு பேரும் கரையில் இருந்து சிரிக்கிறார்கள். சரீப் அவளுடைய முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கி நிற்கிறான்.

"கைய எடுத்துடாதீங்க," என்கிறாள் அவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஓம் என்கிறான் அவன். எடுக்கவில்லை.